எங்கள் கூடாரத்தில் விழுந்த சத்தம்

ஈருள்ளி உரித்துக்கொண்டேதான் இதைச் சொல்ல முடியும், இன்று மதியம் கூடார வரிசைக்கே எங்கள் அடுப்பில்தான் சாம்பார், இரண்டு படி சின்ன வெங்காயம் தண்ணீரில் ஊறிக் கிடக்கிறது, கை சும்மா இருந்தால் எனக்குப் பேச்சு வராது, நாலு பேர் முகத்தைப் பார்த்தால் சொல்ல வந்தது மறந்துபோகும், ஆகையால் உள்ளியைப் பார்த்துக்கொண்டே சொல்கிறேன், கண்ணில் தண்ணீர் வந்தால் அது உள்ளிக்காக என்று எடுத்துக்கொள்ளுங்கள், போன ஆடியில் இதே ஊற்றடி ஐயன் கோயில் காட்டில், இதே மருதமரத்துக்குக் கீழே, சத்தம் உமி மாதிரி விழுந்து எங்கள் கூடாரத்தை மூடினபோதும் நான் அழவில்லை.

ஐயனைக் கும்பிடுகிறவர்கள் ஆடி அமாவாசைக்கு ஆறு நாள் முன்பே வேனிலும் லோடு ஆட்டோவிலும் பாய், பானை, கோழி, கைப்பிள்ளை எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு மலையடிவாரத்துக்கு வந்து, ஆற்றங்கரையில் மூங்கில் ஊன்றி, தார்ப்பாய் கட்டி, ஏழு நாளும் அங்கேயே பொங்கி அங்கேயே குளித்து அங்கேயே உறங்குவார்கள், போன வருசம் எங்கள் வரிசையில் மட்டும் பதினோரு கூடாரம். அங்கே ஒரு முறை உண்டு. முதலில் வந்த குடும்பம் கோயில் விளக்கிலிருந்து நெருப்பெடுத்து அடுப்பு மூட்டும், அதற்குப் பிறகு வருகிறவர்கள் தீப்பெட்டியைத் தொடக்கூடாது, பக்கத்துக் கூடாரத்து அடுப்பிலிருந்து ஒரு கங்கு வாங்கித்தான் மூட்டவேண்டும், அப்படியே கங்கு கைமாறிக் கைமாறிக் கடைசிக் கூடாரம் வரைக்கும் போகும், வாங்கின கங்கு அடுப்பில் கிடக்கிற வரைக்கும் கொடுத்தவர்களை எதிர்த்து ஒரு சொல் சொல்லக்கூடாது, சொன்னால் அந்தக் குடும்பத்து நேர்ச்சை ஐயன் காலில் போய்ச் சேராது. ஊரில் வரப்புக்கும் வாய்க்காலுக்கும் அரிவாளைத் தூக்குகிற ஆட்கள் ஏழு நாள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தும் ரத்தம் பார்க்காமல் வீடு திரும்புவது இந்தக் கங்கால்தான், அதனால் அதைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை.

போன வருசம் முதலில் வந்தவர் செந்தட்டி அண்ணாச்சி. பந்தல், லைட்டு, மைக்செட் எல்லாம் வாடகைக்கு விடுகிறவர், நல்ல கை, வந்தவர்களுக்கெல்லாம் காபி கொடுத்தார், இருபது பிளக் வைத்த பலகை ஒன்றை வாசலில் மாட்டி எல்லார் போனுக்கும் சார்ஜ் போட்டுக்கொடுத்தார், அடுத்த கூடாரம் எங்களுடையது ஆகையால் அவர் அடுப்புக் கங்கைத்தான் நாங்கள் வாங்கினோம், எங்களிடம் அடுத்தவர்கள் வாங்கினார்கள், பார்க்கப்போனால் பதினோரு கூடாரத்து நெருப்பும் அவர் நெருப்புத்தான்.

எங்கள் நேர்ச்சை பாப்பாவுக்குப் பெயர் வைப்பது. எங்களில் பிள்ளைக்குப் பெயர் முதன்முதலில் பிள்ளையின் காதுக்குள்தான் விழவேண்டும், அதற்கு முன் வெளியே யாரும் உச்சரிக்கக்கூடாது, அமாவாசை அன்று காலையில் ஐயன் முன்னால் அத்தைக்காரி மடியில் போட்டு மூன்று முறை மெதுவாகச் சொல்லுவாள், பிள்ளை அதைக் கேட்டுத் திரும்பவேண்டும், இல்லை கண்ணையாவது சிமிட்டவேண்டும், மூன்றுக்கும் அசையாமல் கிடந்தால் பெயர் உள்ளே போகவில்லை என்று அர்த்தம், அடுத்த ஆடி வரைக்கும் அது பெயரில்லாப் பிள்ளை. ஏழு மாதமாக நான் அவளுக்கு ஒரு பெயரை நினைத்து, யாரிடமும் சொல்லாமல், பால் கொடுக்கும்போதுகூட வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு, எங்கள் வீட்டுக்காரருக்கும் அத்தைக்காரிக்கும் மட்டும் ஒரு காகிதத்தில் எழுதிக்காட்டி, அந்தக் காகிதத்தையும் அடுப்பில் போட்டிருந்தேன்.

முதல் நாள் சாயங்காலம் அண்ணாச்சி ஜெனரேட்டரை இறக்கினார். கல்யாண மண்டபத்துக்குப் போடுகிற மெஷின், ஆள் உயரம், பச்சைப் பெயிண்ட். நாலு பேர் பிடித்துத் தள்ளி, அவர் கூடாரத்துக்கு எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி, அதாவது எங்கள் கூடாரத்துக்கு எவ்வளவு கிட்டே வைக்க முடியுமோ அவ்வளவு கிட்டே வைத்து, புகைக்குழாயை எங்கள் வாசலுக்குத் திருப்பி, சாவியைத் திருகினார்கள். பிரிட்ஜ் ஓடியது, இரண்டு ஃபேன் ஓடியது, டிவி ஓடியது, மரத்துக்கு மரம் சீரியல் லைட்டு பச்சையும் சிவப்புமாக ஓடியது, பத்து மணிக்கு டிவி நின்றது, பன்னிரண்டுக்குக் கடைசிப் பேச்சும் நின்றது, மெஷின் மட்டும் நிற்கவில்லை, விடிந்து அண்ணாச்சி பல் துலக்குகிற வரைக்கும் ஓடியது.

காலையில் வாரியலை எடுத்து வாசலைப் பெருக்கினேன். தரையில், பாயில், தார்ப்பாய் மடிப்பில், கவிழ்த்துவைத்த சட்டி மேலே, ஒரு விரற்கடை கனத்துக்குச் சத்தம் விழுந்து கிடந்தது. சாம்பல் நிறம், நெல்லுமி மாதிரி இருந்தது, தொட்டால் வெதுவெதுப்பு. எங்கள் வீட்டுக்காரரின் தங்கை பேராச்சி, அவள்தான் பாப்பாவுக்குப் பெயர் சொல்லவேண்டிய அத்தை, கொட்டாவி விட்டுக்கொண்டே வந்தாள்.

"என்ன மைனி, விடியுமுன்ன எவன் வந்து உமியக் கொட்டிட்டுப் போனான்?"

"உமியில்லட்டி, அள்ளிப்பாரு."

ஒரு கை அள்ளினாள், கைக்குள் டுடுடுடுவென்று அதிர்ந்தது, பட்டென்று உதறிவிட்டாள். "யாத்தே! இது ராத்திரி ஓடுன மெஷினுல்லா!"

"ஆமா. விழுந்து கிடக்கு."

"நம்ம வாசல்ல ஏன் விழுது?"

"வாய நம்ம பக்கம்லா திருப்பி வச்சிருக்காவ" என்றேன், அவள் தலையாட்டிக்கொண்டே போய் இன்னொரு வாரியலை எடுத்துவந்தாள், இரண்டு பேரும் கூட்டி ஆற்றோரம் குவித்தோம், அன்றைக்குச் சோறு பொங்கினதும் துணி துவைத்ததும் மாதிரி அதுவும் ஒரு வேலையாகப் போயிற்று.

அன்று நடுராத்திரிக்குள் கணுக்கால் மட்டும். மூன்றாம் நாள் எங்கள் கூடாரத்தில் முழங்கால் மட்டும், எங்களுக்கு அடுத்ததில் கணுக்கால், அதற்கடுத்ததில் விரற்கடை, அப்படியே கடைசி வரைக்கும் படிந்து கிடந்தது, அண்ணாச்சியின் கூடாரத்தில் மட்டும் ஒரு பொட்டும் இல்லை. ஆனால் மனிதர்கள் எதற்கும் பழகிக்கொள்வார்கள். ஆற்றில் வாளியை இறக்கும்போது "ஒங்க வீட்ல எம்புட்டு விழுந்துது?" என்று கேட்பது "சாப்பாடு ஆச்சா" என்று கேட்பது மாதிரி ஆயிற்று, முழங்கால் மட்டும் என்று நான் சொன்னால் "ஒங்களுக்கென்ன, கிட்டக்க இருக்கியோ" என்று பொறாமையாகக்கூடப் பார்த்தார்கள். பிள்ளைகள் அதை ஈரக்கையால் உருட்டிப் பந்து பிடித்து எறிந்தார்கள், பட்ட இடத்தில் பந்து உறுமிவிட்டு உடைந்தது. கோழிகள் கொத்தித் தின்றுவிட்டுக் கொக்கொக் என்பதை மறந்து துடுதுடுவென்றன. டீ போடுகிறவர் பால் கேனைச் சுற்றி அணைகொடுத்தார், சூடு நிற்கிறதாம். ஒருவர் தலையணை உறையில் அடைத்துத் தலைக்கு வைத்துப் படுத்து, ராத்திரி முழுக்கப் பஸ்ஸில் போவது மாதிரியே இருந்தது என்று காலையில் சந்தோசமாகச் சொன்னார்.

இப்படி ஆளுக்கொன்று செய்துகொண்டிருக்கும்போதே பூசாரி வந்து பார்த்தார். குனிந்து ஒரு சிட்டிகை எடுத்தார், காதருகே கொண்டுபோனார், கண்ணை மூடினார்.

"எல்லைக்குள்ள விழுந்தது எல்லாம் ஐயனோடது. காய் விழுந்தாலும் அவனோடது, மயில் இறகு விழுந்தாலும் அவனோடது. இத ஆத்துல கொட்டப்படாது" என்றார்.

அதற்குப் பிறகு கேட்கவா வேண்டும். ஆலமரத்தடியில் சத்தத்தைக் குவித்து, மஞ்சள் துணி சுற்றி, குங்குமம் வைத்து, உறுமலையா என்று பெயரும் சூட்டி, வந்தவர்களெல்லாம் நெற்றியில் பூசிக்கொண்டார்கள், ஊருக்கு எடுத்துப்போகப் பொட்டலம் கட்டினார்கள், பூசினவர்களுக்கு மெல்லச் சொன்னது எதுவும் காதில் விழவில்லை, அதனால் எல்லாரும் கத்தினார்கள், "உப்பு இருக்கா" என்பதையும் கத்தினார்கள், "குளிச்சாச்சா" என்பதையும் கத்தினார்கள், புதுசாய்க் கல்யாணமான ஒரு பெண்ணும் பையனும் கூடாரத்துக்குள்ளே ரகசியம் பேசினது பாலம் வரைக்கும் கேட்டது. ஐயன் தன் மெஷின் வழியாக இறங்குகிறார் என்று தெரிந்த பிறகு அண்ணாச்சிக்கு நடையே மாறிவிட்டது, வெள்ளை வேட்டிக்கு மேலே காவித் துண்டு போட்டுக்கொண்டு மெஷினுக்கு மாலை போட்டார், பகலிலும் ஓடட்டும் என்றார், ஓடியது.

நான் இதையெல்லாம் வாசலில் நின்று பார்த்தேன். எனக்கு இதில் ஒரு காரியம்தான் காரியம், மூன்று ராத்திரியாகப் பாப்பா உறங்கவில்லை. கண்ணைத் திறந்தபடி தார்ப்பாயைப் பார்த்துக் கிடந்தாள், பால் குடிக்கையில்கூட அவள் முதுகுக்குள் அதே துடுதுடுப்பு என் உள்ளங்கைக்குத் தெரிந்தது. நாலாம் நாள் காலையில் அவள் தலைமாட்டில் நின்று கை தட்டினேன். திரும்பவில்லை. கிலுக்கை ஆட்டினேன். திரும்பவில்லை. சருவச்சட்டியைக் கரண்டியால் அடித்தேன், பேராச்சி திரும்பினாள், எங்கள் வீட்டுக்காரர் திரும்பினார், மரத்திலிருந்த குரங்கு திரும்பியது, பாப்பா திரும்பவில்லை. காதைப் பார்த்தேன். இரண்டு காதுக்குள்ளேயும் சாம்பல் நிறத்தில் சத்தம் அடைத்துக் கிடந்தது, விரல் நுனியால் எடுக்க எடுக்க உள்ளேயிருந்து இன்னும் வந்தது.

"அமாவாசைக்கு மூணு நாளுதான் இருக்கு. பேரு எப்படி உள்ள போகும்?" என்று எங்கள் வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

அவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர், பயந்தவர் என்று சொல்லமுடியாது, ஆனால் முறையை மீறமாட்டார். "கங்கு வாங்கியிருக்கோமே முப்பிடாதி, எப்படிப் போய்க் கேக்க? கேட்டா நேர்ச்சையே போயிரும்" என்றார்.

"கேக்கலன்னாலும் போயிரும்."

நான் பூசாரியிடம் போனேன், பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, காதைக் காட்டி, ராத்திரி மட்டுமாவது மெஷினை அணைக்கச் சொல்லக்கூடாதா என்று கேட்டேன்.

"பாக்கியம்லாம்மா! மத்தவன் நெத்தியில பூசிக்கிடுதான், ஒம்பிள்ளைக்கு ஐயன் காதுக்குள்ளயே குடியிருக்கான்" என்றார்.

திரும்பி வருகிற வழியில் அண்ணாச்சி போனில் பேசுவது கேட்டது. இன்னொரு மெஷின், இதைவிடப் பெரியது, மறுநாள் மத்தியானம் லாரியில் வருகிறது, அதை எங்கள் கூடாரத்துக்கு அந்தப் பக்கம் வைத்தால் இரண்டு பக்கமும் சமமாக விழும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்று ராத்திரி நான் உட்கார்ந்தே இருந்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான், வீட்டில் என்னை ஊமச்சி என்றுதான் கூப்பிடுவார்கள், யாராவது சத்தமாகக் கேட்டால் தப்பு என் பேரில்தான் இருக்கும் என்று முதலிலேயே தலைகுனிந்துவிடுவேன். ஆனால் அன்றைக்கு மடியில் கிடந்த பிள்ளையின் கண் இருட்டில் திறந்து கிடப்பதைப் பார்க்கப் பார்க்க, வாங்கின கங்கு அடுப்பில் கிடக்கிற வரைக்கும் பேசக்கூடாது என்றுதானே முறை, கங்கு கிடக்காவிட்டால் என்ன முறை என்று ஒரு நினைப்பு வந்தது, வந்தது போகவில்லை.

ஐந்தாம் நாள் விடிந்தது. அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. பானையை இறக்கினேன். ஆற்றுக்குப் போய் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்தேன், குடத்தைச் சாய்த்து அடுப்புக்குள்ளேயே முழுவதையும் ஊற்றினேன்.

சொர்ரென்று புகை எழும்பி மருதமரம் உயரத்துக்குப் போயிற்று. நேர்ச்சை உள்ள வீட்டு அடுப்பை ஏழு நாளுக்குள் அணைக்கிறது எங்களில் யாரும் கண்டதில்லை, பக்கத்தில் உள்ளவர்களெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து நின்றார்கள்.

"மைனி! ஒங்களுக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு?" என்று பேராச்சி ஓடிவந்தாள்.

"புள்ளையப் பிடி" என்று அவளிடம் கொடுத்துவிட்டு, நனைந்த கரியை ஒன்றுவிடாமல் பொறுக்கி, நெல் புடைக்கிற சொளவில் போட்டு, அண்ணாச்சியின் கூடாரத்துக்கு நடந்தேன். சொளவுக்குள் கரி ஒன்றோடொன்று தட்டுகிற சத்தம் எனக்கே கேட்டது. அவர் ஃபேனுக்கு எதிரில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். காலடியில் சொளவை வைத்தேன்.

"அண்ணாச்சி, ஒங்க கங்கு இந்தா இருக்கு. வாங்கிக்கிடுங்க."

"என்னம்மா இது, சாப்பிடுத எடத்துல கரியக் கொண்டாந்து வைக்க?"

"எங்க அடுப்ப அணைச்சிட்டேன். இனி எனக்கு வாய் இருக்கு. மெஷின அணைங்க."

அவர் இட்லியை விழுங்கினார். "ஏன், அது ஒன்ன என்ன செய்யுது? எனக்கு ஒரு சத்தமும் கேக்கலையே."

"ஒங்களுக்குக் கேக்காது. முதுகு ஒங்களுக்கு, வாய் எங்களுக்கு."

"அப்ப ஒண்ணு செய்யி தாயி. புள்ளையத் தூக்கிட்டு வந்து எங்க கூடாரத்துல படு. ஃபேன் ஒண்ணு ஒங்க பக்கம் திருப்பிவிடச் சொல்லுதேன். போதுமா?"

"எம்புள்ள எங்க கூடாரத்துல உறங்கணும்."

கூட்டம் கூடிவிட்டது. அண்ணாச்சிக்கு முகம் மாறியது. "ஏளா, இதுல ஐயன் எறங்குதான்னு பூசாரியே சொல்லியாச்சு. நீ யாரு, அணைக்கச் சொல்லுததுக்கு?"

"ஐயன்னா ஒங்க கூடாரத்துல ஏன் அண்ணாச்சி ஒரு கை கூட விழல? மொத அடுப்பு ஒங்களுதுதான? ஒங்க மேல அவருக்கு என்ன கோவம்?"

பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள், சிரிப்பை மறைக்க இருமினார்கள். அண்ணாச்சி எழுந்து நின்றார்.

"எங்கலே இவ புருசன் உச்சிமாகாளி? பொம்பளய அனுப்பிட்டு அவன் எங்க போயி ஒளிஞ்சிருக்கான்?"

எங்கள் வீட்டுக்காரர் என் பின்னால்தான் வந்துகொண்டிருந்தார், எனக்கே தெரியாது, தலையில் ஓலைக் கடவப்பெட்டி, பெட்டி நிறைய எங்கள் வாசலில் ராத்திரி விழுந்த சத்தம். நேராக வந்து, ஓடிக்கொண்டிருந்த ஃபேனுக்கு முன்னால் நின்று, பெட்டியைக் கவிழ்த்தார்.

ஃபேன் அதை வாரி எடுத்துக் கூடாரம் முழுக்க வீசியது. இட்லித் தட்டில், டிவி மேலே, உறங்கிக்கொண்டிருந்த அண்ணாச்சியின் மச்சினமார் முகத்தில், பிரிட்ஜ் மேல் வைத்திருந்த பூவில், எல்லாவற்றிலும் சத்தம் விழுந்து உறுமியது, மச்சினமார் காதைப் பொத்திக்கொண்டு எழுந்து ஓடினார்கள், அண்ணாச்சி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார், நாலு நாளில் முதன்முதலாகத் தன் மெஷினைத் தானே கேட்கிறவர் முகம் அது. ஆனாலும் ஒத்துக்கொள்ளவில்லை. "அணைக்க முடியாது! என் மெஷின், என் டீசல்! இதுக்கு அணைச்சா நாளைக்கு எதுக்கும் அணைக்கச் சொல்லுவிய!" என்று கத்தினார்.

"சரி அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு வெறும் சொளவோடு திரும்பி நடந்தேன்.

அப்போதுதான் சொர்ரென்று இன்னொரு சத்தம் கேட்டது. எங்களுக்கு அடுத்த கூடாரத்து அக்கா குடத்தைச் சாய்த்துக்கொண்டிருந்தாள். "ஒங்க கங்குதான முப்பிடாதி எங்ககிட்ட இருக்கு? ஒங்களுதே அணைஞ்ச பெறகு எங்களுதுல என்ன இருக்கு" என்றாள், அவளுக்கும் கூடாரத்தில் வயிறு சரியில்லாத பேத்தி ஒன்று ராத்திரியெல்லாம் முழித்துக் கிடந்தது. அதற்கடுத்த கூடாரத்தில் சொர். அதற்கடுத்ததில் சொர். சிலர் கோபத்தோடு ஊற்றினார்கள், சிலர் எல்லாரும் ஊற்றுகிறார்களே என்று ஊற்றினார்கள், தலையணையில் சத்தம் அடைத்துப் படுத்தவர் கடைசி வரைக்கும் ஊற்றமாட்டேன் என்று நின்றார், அவர் பெண்சாதி ஊற்றினாள். பத்து மணிக்குள் பத்துக் கூடாரத்திலும் புகையில்லை. பிள்ளைகள் பசியில் அழுதன, அவல் நனைத்துக் கொடுத்தோம். அண்ணாச்சியின் அடுப்பு ஒன்று மட்டும் எரிந்துகொண்டிருந்தது, ஒற்றை அடுப்புப் பொங்கலை ஐயன் தொடமாட்டான் என்பது பூசாரிக்கும் தெரியும், அவர் அண்ணாச்சியின் கூடாரத்துக்கும் கோயிலுக்குமாக ஏழெட்டு முறை நடந்தார், நடந்துகொண்டே பெண்பிள்ளைகளைத் திட்டினார், யாருடைய சட்டியும் அடுப்பேறவில்லை.

மத்தியானம் இரண்டாவது மெஷின் ஏற்றிய லாரி வந்தது. அண்ணாச்சி அதன் பக்கத்தில் போய் ரொம்ப நேரம் நின்றார். எங்கள் எல்லாரையும் பார்த்தார். லாரி திரும்பிப் போயிற்று. பிறகு அவரே பச்சை மெஷினுக்குப் போய், அதன் கழுத்திலிருந்த மாலையை ஒதுக்கிவிட்டு, விசையைத் திருகினார். அணைத்தது அவர் கைதான், அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை.

மெஷின் நின்றதும் ஆறு ஓடுவது கேட்டது. அது நாலு நாளாக ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. பிறகு இலை கேட்டது, பல்லி கேட்டது, எனக்குப் பின்னால் நின்றவர் மூச்சு கேட்டது, கத்திப் பேசிப் பழகினவர்கள் கத்தவா வேண்டாமா என்று தெரியாமல் வாயைத் திறந்து திறந்து மூடினார்கள். நான் பாப்பாவை வாங்கி, ஒருக்களித்து மடியில் போட்டு, ஒரு காதை என் உள்ளங்கைக்குக் கவிழ்த்தேன். நெல் அளக்கிற மாதிரி சத்தம் சரசரவென்று இறங்கியது. ஏழு மாதப் பிள்ளையின் ஒரு காதுக்குள்ளிருந்து ஒரு உழக்கு, மறு காதுக்குள்ளிருந்து ஒரு உழக்கு. கொட்டி முடிந்ததும் அவள் கண்ணை மூடினாள். மூடின கண்ணை மறுநாள் சாயங்காலம்தான் திறந்தாள், அதுவரைக்கும் அந்த வரிசையில் ஒருத்தரும் தும்மக்கூட இல்லை.

அடுப்பு மூட்டத் திரும்பவும் கோயில் விளக்கிலிருந்து நெருப்பு வேண்டியிருந்தது. பூசாரி எடுத்துக்கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. நேர்ச்சை உடைந்துபோயிற்று, பெயர் உள்ளே போகாது, பார்த்துக்கொண்டே இரு என்று மட்டும் சொன்னார். பயமாகத்தான் இருந்தது. அமாவாசை அன்று விடிகாலையில் குளித்து, ஈரச்சேலையோடு ஐயன் முன்னால் நின்றபோது என் நெஞ்சு அடிக்கிறதுதான் பிள்ளையை எழுப்பிவிடும் என்று நினைத்தேன். பேராச்சி சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியில் போட்டு, முந்தானையால் மறைத்து, குனிந்து ஒரு முறை சொன்னாள். பாப்பா மேலே தொங்கின மணியைப் பார்த்துக் கிடந்தாள். இரண்டாம் முறை சொன்னாள். மணியைத்தான் பார்த்தாள். பூசாரி தொண்டையைச் செருமினார். பேராச்சி என்னை நிமிர்ந்து பார்த்தாள், பிறகு மூக்கு காதில் படுகிற மாதிரி நன்றாகக் குனிந்து, ஏழு மாதமாக நான் வாய்க்குள் வைத்திருந்ததை மூன்றாம் முறையாக, காற்று மட்டும் போகிற மாதிரி சொன்னாள், "வடிவு."

திரும்பினாள். சும்மா திரும்பவில்லை, யார் இவ்வளவு கிட்டே வந்து கூப்பிடுகிறது என்று கோபித்துக்கொண்ட மாதிரி திரும்பி, அத்தைக்காரியின் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தாள். பேராச்சி "ஆ" என்று கத்தினாள், ஊரே சிரித்தது, பூசாரி மட்டும் திருநீற்றுத் தட்டைத் தேடினார்.

உறுமலையா இன்னும் ஆலமரத்தடியில்தான் இருக்கிறார், மஞ்சள் துணி நைந்துவிட்டது, காதை வைத்தால் லேசாக முனகுவார். பொட்டலம் கொண்டுபோனவர்கள் சிலர் வீட்டில் பரணிலிருந்து இன்னும் உறுமுகிறதாம், கொட்ட மனசு வரவில்லையாம். அண்ணாச்சி இந்த வருசமும் வந்திருக்கிறார். மெஷினை அந்தப் பெரிய பாறைக்குப் பின்னால் வைத்து, வாயை மலைப்பக்கம் திருப்பி, ராத்திரி ஒன்பதரைக்கே அணைத்துவிடுகிறார், பத்து வரைக்கும் போடலாம் என்று நாங்கள்தான் சொன்னோம், அந்த அரை மணி நேரத்தை எங்கள் முகத்தில் எறிகிற மாதிரி ஒன்பதரைக்கு அணைக்கிறார். என் போனுக்குச் சார்ஜ் போட்டுக்கொடுப்பார், என்னோடு பேசமாட்டார். வடிவைத் தூக்கிக்கொண்டு போனால் அவளோடு மட்டும் பேசுவார்.

இந்த வருசம் முதலில் வந்தது நாங்கள். கங்கு கேட்டு வருகிறவர்களிடம் மெஷின் இருக்கிறதா, எங்கே வைப்பீர்கள், அதன் வாய் யார் வாசலைப் பார்க்கும், எத்தனை மணிக்கு அணைப்பீர்கள் என்று கேட்டு, சொன்ன பிறகுதான் இடுக்கியைக் கையில் எடுக்கிறேன். கேட்கும்போது குரல் இப்போதும் கம்முகிறது. சிலர் "இதெல்லாம் ஒரு கேள்வியா" என்று நெளிவார்கள், நெளியட்டும், கங்கு என் அடுப்பில் இருக்கிறது. வாங்கினவர் பேசக்கூடாது என்கிற பழைய முறையோடு, கொடுத்தவர் வாங்கினவரின் உறக்கத்துக்குப் பொறுப்பு என்று இன்னொன்றையும் சேர்த்துக் கோயில் சுவரில் எழுதச் சொன்னேன். அப்படி ஒன்று முறையிலேயே இல்லை என்று பூசாரி மறுத்துவிட்டார். ஆகவே முதல் நாளே அடுப்புக்கரியை எடுத்து ஆற்றோரப் பாறையில் நானே எழுதினேன், என் எழுத்து அவ்வளவு அழகில்லை, ஆனால் தூரத்திலிருந்து படிக்கலாம். சாயங்காலம் விளக்கு வைக்கப் போகும்போது பூசாரி ஈரத்துணியால் அழித்துவிட்டுப் போவார், காலையில் தண்ணீருக்குப் போகும்போது நான் திரும்ப எழுதிவிட்டு வருவேன், மூன்று நாளாக இப்படியே நடக்கிறது, அவரும் என்னைத் திட்டவில்லை, நானும் அவரைத் திட்டவில்லை, அவர் துணியைப் பெரிசாக்கியிருக்கிறார், நான் எழுத்தைப்...

"ஏ மைனி! இங்க வாங்க, பூசாரி பகல்லயே வாளியத் தூக்கிட்டுப் பாறைக்குப் போறாரு!"

வெயில் இறங்குகிற வரைக்குமாவது பொறுத்திருக்கலாம் அவர், சரி பேராச்சி, இதோ வருகிறேன், அழிக்கட்டும், நன்றாகத் தேய்த்து அழிக்கட்டும், அம்மி கொத்துகிறவரிடம் நேற்றே ஒரு உளி கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன், இனி அவர் அழிக்கவேண்டுமானால் அந்தப் பாறையையே...